பொய்ப் பணக்காரன் கதையில் சிரிப்பு யாரிடம் இருக்கிறது?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் இளைஞர் மன்றம் பொங்கலுக்கு ஒரு மணி நேர நாடகம் போடுகிறதாம். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் பையன், வசதியான தோட்டத்துக்காரர் மகளைக் கட்டுவதற்காகத் தன் அப்பா பெரிய கோடீஸ்வரர் என்று அளந்துவிட்டு, நண்பனுக்கே நரைமுடி வைத்து அப்பாவாக அழைத்து வருகிறான். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே கதையான 'காதலிக்க நேரமில்லை'யை டிவியில் போட்டால் வீடே சிரிக்கிறது. வசனம் போதாதா, நடிகர் சரியில்லையா, இன்னும் ரெண்டு காமெடிக் காட்சி சேர்க்கலாமா என்று கேட்கிறார். கூடவே, அந்தப் படம் நம்ம பொள்ளாச்சிப் பக்கம் எடுத்ததுதானா என்றும் ஒரு சந்தேகம். அவர் கேட்டிருப்பது வசனத்தைப் பற்றி என்றாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது, மேடையில் ஒருத்தன் பொய் சொன்னால் சபை யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான். கோவையில் பல வருஷமாக அமெச்சூர் நாடகம் இயக்குகிறவன், கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திரைக்கதை வகுப்பும் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஊர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் குழப்பமே இல்லை. வேலை போன ரவிச்சந்திரன் முதலாளி வீட்டுக்கு எதிரே கூடாரம் போட்டு 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாடுகிறாரே, அந்த இடம் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அணை விருந்தினர் மாளிகைதான். படம் வந்தது 1964 பிப்ரவரியில். ஸ்ரீதர் இயக்கம், எழுத்தில் அவரோடு சித்ராலயா கோபு, ஒளிப்பதிவு வின்சென்ட், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஈஸ்ட்மென் கலர் படம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது, அணையே அன்றைக்குப் புதுசு. கதையில் வரும் சின்னமலை எஸ்டேட் கற்பனை. நிஜ எஸ்டேட்டுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போக வேண்டும். ஓடாநிலை தீரன் சின்னமலைக்கும் அந்தப் பெயருக்கும் முடிச்சுப் போட்டு யாராவது கதை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மேடையில் அறிவிக்க வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கதையை மறந்தவர்களுக்காக ரெண்டு வரி: எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனாக பாலையா. அவருக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்த மகன் நாகேஷ், ரெண்டு பெண்கள். இளையவளைக் காதலிக்கும் அசோக், அதாவது ரவிச்சந்திரன், தான் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் பிள்ளை என்று புளுகிவிட, அந்தச் சிதம்பரத்தைக் கண்ணில் காட்ட வேண்டிய கட்டாயத்தில் நண்பன் வாசுவை, அதாவது முத்துராமனை, கிழவராக வேஷம் கட்டி இறக்குகிறான். அந்த வாசு காதலிக்கும் பெண்ணோ அதே வீட்டின் மூத்த மகள். இந்தக் கதையில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டால் ரவிச்சந்திரன், முத்துராமன் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று கேளுங்கள், பாலையா என்பார்கள். உங்கள் நாடகத்தில் எடுபடாமல் போயிருப்பது இந்த இடம்தான். நீங்கள் பொய் சொல்கிறவனுக்கு வசனம் எழுதியிருக்கிறீர்கள், சிரிப்போ பொய்யை நம்புகிறவனிடம் இருக்கிறது.

'அசோகர் உங்க மகருங்களா?' என்று பாலையா கேட்கும் இடத்தை இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். வேலையை விட்டுத் துரத்திய பையன் அவன். வாசலில் கூடாரம் போட்டு மானத்தை வாங்கியவன். அவன் அப்பா கோடீஸ்வரர் என்று காதில் விழுந்த மாத்திரத்தில் பையன் பெயருக்கும் மரியாதை ஒட்டிக்கொள்கிறது, 'மகன்' என்ற சொல்லுக்கும் ஒட்டிக்கொள்கிறது. வசனமாகத் தாளில் எழுதிப் பார்த்தால் அரை வரி. அதைச் சொல்கிறவர் அதில் கேலி துளியும் இல்லாமல், பயபக்தியோடு கேட்கிறார், அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் அந்த வரி தெருவில் புழங்குகிறது. எதிரே வேஷத்தில் இருக்கும் முத்துராமன் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். நாகேஷ் தன் படத்தின் பேய்க்கதையைச் சொல்லும் காட்சியும் அதே கணக்குத்தான். நாகேஷ் சத்தம் எழுப்புகிறார், குனிகிறார், ஊர்கிறார், மனுஷன் தூள் கிளப்புகிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தரம் நாகேஷைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் பாலையாவை மட்டும் பாருங்கள். வேண்டாவெறுப்பாகக் கேட்க ஆரம்பித்தவர் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதைக்குள் விழுந்து கடைசியில் நிஜமாகவே நடுங்குகிறார். 1966ல் ஸ்ரீதரே இதை இந்தியில் 'பியார் கியே ஜா' என்று எடுத்தபோது மெஹ்மூத் கதை சொன்னார், பயப்பட ஓம் பிரகாஷ் இருந்தார். பயப்படும் ஆள் சரியாக அமைந்ததால் அங்கேயும் காட்சி எடுபட்டது.

இனி உங்கள் நாடகம். மாமனாராக வரும் தோட்டத்துக்காரருக்கு நீங்கள் கொடுத்திருப்பது மீசை, முறைப்பு, 'என்ரா சொன்னே' என்று நாலு அதட்டல், அவ்வளவுதான். மன்றத்திலேயே நன்றாக நடிக்கிறவர் யாரோ அவரைக் கதாநாயகன் வேஷத்திலிருந்து எடுத்து மாமனாராகப் போடுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை, முதல் காட்சி முடிந்ததும் கோபம் போய்விடும். அடுத்து, பொய்யில் முக்கால்வாசியை மாமனாரே கட்டட்டும். பையன் திணறுகிறான், மாமனார் அந்தத் திணறலுக்குப் பணக்கார அர்த்தம் கொடுக்கிறார். 'தோப்பு எத்தனை ஏக்கருங்க?' என்று கேட்கிறார். போலி அப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, 'எண்ணிப் பார்த்ததில்லைங்க' என்கிறார். 'அட, எண்ண முடியாத அளவுக்கு இருக்குதுங்களா!' என்று மாமனார் மனைவியைப் பார்க்கிறார். 'வண்டி எதுலீங்க வந்தீங்க?' 'பஸ்லதானுங்க... காரு சர்வீஸுக்குப் போயிருக்குது.' 'எல்லாக் காருமேங்களா!' இப்படி எழுதினால் போலி அப்பாவாக வருகிறவருக்கு நடிப்பே வராவிட்டாலும் காட்சி ஓடும், அவர் திணறுவதே வேஷத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிடும்.

ரெண்டாவது குறை, இது அமைப்பிலேயே இருக்கிறது: அப்பா போலி என்பதைக் கடைசிக் காட்சி வரைக்கும் சபையிடமிருந்தும் மறைத்திருக்கிறீர்கள், அதிர்ச்சி கொடுக்கலாம் என்று. துப்பறியும் கதைக்கு அது சரி. ஆள்மாறாட்ட நகைச்சுவைக்கு ஆகாது, இதை நான் சந்தேகமே இல்லாமல் சொல்வேன். மேடையில் மூன்று பேருக்குத் தெரிந்து ஒருத்தருக்குத் தெரியாத விஷயம், கீழே உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மாமனார் ஒவ்வொரு தரமும் கும்பிடும்போது சிரிப்பு வரும். வேஷம் கட்டும் காட்சியையே சபை முன்னால் வையுங்கள்: நரைமுடி ஒட்டவில்லை, கடன் வாங்கிய வேட்டி நீளமாக இருக்கிறது, மில்லில் அடுத்த ஷிஃப்டுக்கு மணி அடிக்கிறது. அதற்கப்புறம் போலி அப்பா மேடையில் கையைத் தூக்கினாலே மீசை விழுந்துவிடுமோ என்று ஜனம் பதறும். சிரிப்பு அந்தப் பதற்றத்தில் இருந்துதான் வரும்.

பொய் என்பது கந்துக் கடன் மாதிரி, வாரா வாரம் வசூலுக்கு ஆள் வந்து நிற்கும். 'காதலிக்க நேரமில்லை'யில் அப்பா பெயரைச் சொன்னான், அப்பாவைக் காட்ட வேண்டி வந்தது. காட்டிய அப்பாவுக்கு அந்த வீட்டிலேயே காதலி, ஆகவே ஒரே ஆள் கிழவராகவும் இருக்க வேண்டும், காதலனாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணையும் முந்தையதைவிடப் பெரிது. உங்கள் கதையில் அப்பா வருகிறார், காபி குடிக்கிறார், போகிறார், மறுபடி வருகிறார், மறுபடி காபி. கடன் ஏறவே இல்லை. நம்ம ஊர்க் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இப்படி எழுதுவது அநியாயம் தம்பி! மாமனார், கல்யாணச் சீர்களை நடத்தி வைக்கும் பெரியவரான அருமைக்காரரையே வரவழைத்து உட்கார வைக்கட்டும். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்ய வேண்டிய இணைச்சீருக்குப் பையனின் அக்கா தங்கை யாருங்க என்று அவர் கேட்பார். பையனுக்கு அக்கா வேண்டும். அக்கா வந்தால் அவள் கட்டினவர் எங்கே என்ற கேள்வி வரும், ஒரு மச்சான் வேண்டும். தாய்மாமன் எங்கே என்பார்கள். ஒரு பொய்க்கு மில்லில் ஒரு ஷிஃப்டே வேஷம் கட்டி வந்து நிற்க வேண்டியிருக்கும், அந்த ஷிஃப்டைப் பார்க்க வேண்டிய சூப்பர்வைசர் ஆளைத் தேடிக்கொண்டு பந்தலுக்கே வந்துவிடுவார். ரெண்டாவது பாதிக்கு இதற்கு மேல் ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல் நம்ம வட்டாரத்துக்கே உரியது. சினிமாவில் ஒருத்தன் வந்து நான் கோடீஸ்வரன் பிள்ளை என்றால் நம்பிவிடுவார்கள். கொங்கு நாட்டில் புது ஆள் திண்ணையில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எந்த ஊருங்க, யாரு தோட்டம், என்ன கூட்டம் (அதாவது குலம்), அப்புச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா) ஊர் எது என்று நாலு கேள்வி வந்துவிடும். அந்த நாலுக்கும் பதில் சொன்னால் எங்கேயாவது ஒரு சொந்தம் கிளம்பாமல் இருக்காது. ஆகவே உங்கள் நாடகத்தில் போலி அப்பா காங்கேயம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைச் சபை நம்பாது, முதல் வரிசையில் இருக்கும் பெரியவரே எழுந்து விசாரித்துவிடுவார். இதைக் குறையாகப் பார்க்காமல் காட்சியாக எழுதுங்கள். வீட்டில் ஒரு பாட்டி இருக்கட்டும். காது சரியாகக் கேட்காது, ஆனால் சுற்றுவட்டார வம்சாவளி முழுக்க மனப்பாடம். மாமனாருக்கு நம்ப ஆசை, பாட்டிக்கு விசாரிக்க ஆசை. போலி அப்பா எந்த ஊர் சொன்னாலும் பாட்டிக்கு அங்கே ஒரு பங்காளி இருக்கிறார். கடைசியில் தப்பிப்பதற்காக மலேசியா என்கிறார், பாட்டியின் கொழுந்தனார் மகன் அங்கே இருக்கிறான், வீடியோ கால் போடச் சொல்கிறாள். செல்போன் வந்தபிறகு ஆள்மாறாட்டக் கதையே எழுத முடியாது என்று சிலர் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை. மாட்டிக்கொள்ள இன்னொரு வழி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

கதாநாயகனுக்கு முடிவில் நிஜமாகவே லாட்டரி விழுந்து பணக்காரனாகிவிட்டால் என்ன என்று மன்றத்தில் யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். முதலில், தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003லேயே தடை வந்துவிட்டது, கேரளா டிக்கெட் என்று சமாளிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பணம் நிஜமாகிவிட்டால் பொய் செத்துவிடும், பொய் செத்தால் பயம் போய்விடும், சபை எழுந்து செருப்பைத் தேட ஆரம்பிக்கும். நிஜப் பணக்காரன் ஏழையாக நடிக்கிற கதை வேறு சாதி. 1966 பொங்கலுக்கு வந்த 'அன்பே வா'வில் எம்.ஜி.ஆர். தன் சொந்த பங்களாவிலேயே அடையாளத்தை மறைத்து வாடகை ஆளாகத் தங்குகிறார். அழகான படம்தான், ஆனால் அவருக்கு என்ன ஆபத்து? எந்த நிமிஷமும் 'நான்தான் முதலாளி' என்று சொல்லிவிடலாம், சொன்னால் கௌரவம் கூடும். அங்கே நிஜமாக மாட்டிக்கொள்ளப் போகிறவர் முதலாளிக்குத் தெரியாமல் பங்களாவை வாடகைக்கு விட்ட நாகேஷ்தான், அதனால் சிரிப்பும் அவரிடம் போய்விடுகிறது. மீதியைச் சரோஜாதேவியோடு நடக்கும் சண்டையும் பாட்டும் தாங்குகின்றன. உங்களிடம் அந்தப் பாட்டும் இல்லை, எம்.ஜி.ஆரும் இல்லை. ஏழை பணக்காரனாக நடிக்கும் பக்கத்திலேயே இருங்கள்.

திடீர்ப் பணம் ஒரு ஆளை எப்படி மாற்றும் என்று காட்டியே ஆக வேண்டுமென்றால், அதைச் சின்னப் பாத்திரம் ஒன்றுக்குக் கொடுங்கள். பைபாஸ் ரோட்டுக்கு நிலம் போய்ப் பணம் வந்த பெரியப்பா ஒருத்தர், அதிகம் பேசக்கூட வேண்டாம். 'அமைதிப்படை'யில் ஓட்டு எண்ணும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். முன்னிலை ஏற ஏற சத்யராஜ் நாற்காலியில் உட்காரும் தோரணை மாறிக்கொண்டே போகும், எதிரே மணிவண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரெண்டு பேரும் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். பணம் வந்தவன் முதுகும் பணம் வந்தவனைப் பார்க்கிறவன் முதுகும் என்னவெல்லாம் செய்யும் என்று நம்ம பக்கம் சின்ன வயசிலிருந்தே எல்லோரும் பார்த்துத்தான் வளர்கிறோம், அதை நடிகர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது மேடையில் திரும்பத் திரும்பப் பார்த்தது. இனி சொல்வது என் அனுமானம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நம்புகிறவனின் ஆசையைக் கேலி செய்யும் கதையை நம்ம சபை ஏன் இவ்வளவு ரசிக்கிறது என்றால், அந்த ஆசை எல்லோருக்கும் நேரில் பழக்கம். 2012ல் பெருந்துறைப் பக்கம், பணம் போட்டால் பெரிய வருமானம் என்று ஆசை காட்டிய ஈமு கோழி வியாபாரம் கவிழ்ந்தபோது பணம் போட்டிருந்தவர்களில் வெவரமான ஆட்களும் இருந்தார்கள். விளம்பரம் பேசியதைவிட, 'பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டுட்டாரு' என்ற பேச்சுத்தான் அதிகம் வேலை செய்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மாமனாரையும் அப்படி எழுதிப் பாருங்கள். அவருக்குப் பணத்தாசை மட்டும் இருந்தால் கோபம்தான் வரும். சம்பந்தி யார் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிக்கொள்ள ஆசை என்றால் சபை அவரை விரும்ப ஆரம்பித்துவிடும். பாலையாவின் விஸ்வநாதன் காசுக்கு வாயைப் பிளக்கிறவர்தான், ஆனால் அவரை யாரும் வெறுத்ததில்லை. அந்தப் படத்தில் வில்லன் என்று ஒருத்தரும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பெண் பாத்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் கதையில் பெண்ணுக்கும் உண்மை தெரியாது, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் தெரிகிறது, அழுகிறாள், பிறகு மன்னிக்கிறாள். இது இன்றைக்கு எடுபடாது. அப்பாவை ஏமாற்றினால் விளையாட்டு, கட்டிக்கப் போகிறவளையே ஏமாற்றினால் மோசடி, சபையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்த இடத்திலேயே பையனைக் கைகழுவிவிடுவார்கள். முதல் காட்சியிலேயே அவளுக்குத் தெரியட்டும். இன்னும் சொன்னால், போலி அப்பா யோசனையே அவளுடையதாக இருக்கட்டும், தன் அப்பா எதற்கு மசிவார் என்று அவளுக்குத்தானே தெரியும். பையன் பயந்தாங்கொள்ளி, அவள்தான் வசனம் சொல்லிக்கொடுக்கிறாள், ஜன்னலுக்குப் பின்னால் நின்று 'ஏக்கரைச் சொல்லாதே' என்று கையைக் காட்டுகிறாள். அழுது மன்னிக்கிற வேஷத்தைவிட இதில் நடிக்க அந்தப் பொண்ணுக்கும் உற்சாகம் வரும்.

என் பழக்கம் மேடையோடுதான், அதனால் ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பாலையாவின் கண்ணை மட்டும் பெரிதாகக் காட்ட முடியும், திருவிழா மேடையில் நடிகரின் கண் கடைசி வரிசைக்குத் தெரியாது. அதனால் உங்கள் மாமனாரின் நம்பிக்கை உடம்பில் தெரிய வேண்டும்: தோள் துண்டு இடுப்புக்கு இறங்குவது, தன் நாற்காலியைத் தானே தூக்கிப் போடுவது, போலி அப்பா தும்மினால் விசிறி தேடி ஓடுவது. படத்தின் வசனங்களை அப்படியே தூக்கிவைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உரிமைச் சிக்கல் ஒருபக்கம், சபை பாலையாவை நினைத்துக்கொண்டு உங்கள் ஆளைப் பார்க்கும் என்பது இன்னொரு பக்கம், ரெண்டாவதுதான் அதிக நஷ்டம்.

வேஷம் கலையும் இடத்தை எப்படி முடிப்பது என்பதற்கு ஒரே விதி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், பல விதமாகப் பார்த்திருக்கிறேன். நான் எழுதுவதாக இருந்தால், பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு மாமனாருக்கு மட்டும் உண்மை தெரிய வைப்பேன். வெளியே சொன்னால் அவர் மானம் போகும். ஆகவே இதுவரை ஏமாந்தவர் இப்போது பொய்யைக் காப்பாற்ற ஆரம்பிக்கிறார்: போலி அப்பாவின் மீசை தொங்கினால் அவரே ஒட்டிவிடுகிறார், பாட்டியின் கேள்விக்கு அவரே பதில் சொல்கிறார், சீர் செய்ய அக்கா வரவில்லை என்றால் மில் சூப்பர்வைசரின் சம்சாரத்தைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார். பையனும் போலி அப்பாவும் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறக்கும்போதெல்லாம் 'சம்பந்தி, பேசாம உக்காருங்க' என்று அவர்தான் அடக்க வேண்டும். கடைசி வசனம் பாட்டிக்கு. அவளுக்கு முதல் நாளே தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நீளமாகச் சொல்ல விடாதீர்கள், ஒரே வரி, உடனே மேளம்.